மார்க் ஷீட்டைக் குடுத்துட்டு ஓடுங்க சார்

சுனாமி வந்த காலையில் நான் கடலூர் கடற்கரையில் நடைப்பயிற்சி போய்க்கொண்டிருந்தேன். தண்ணீர் என்னைத் தொடவில்லை. கடல் ‘புஸ்’ என்று சீறியதுமே எடுத்த ஓட்டத்தில், அது வருவதற்குள் ஒற்றைச் செருப்போடு ஊருக்குள்ளே மஞ்சக்குப்பம் வந்து சேர்ந்திருந்தேன்.

அன்றிலிருந்து ‘புஸ்’ என்று எது சத்தம் போட்டாலும் என் கால்கள் என்னைக் கேட்காமலே கிளம்பிவிடும். எங்கள் வீட்டுக் குக்கர் பரணுக்குப் போனது. “பருப்பு வேகறதுக்கும் சுனாமிக்கும் என்னாங்க சம்பந்தம்?” என்றாள் மனைவி.

இந்த லட்சணத்தில்தான் கடலோரக் குப்பத்து மக்களுக்கு மனத்தைரியம் சொல்லும் தொண்டனாகப் பெயர் கொடுத்தேன். சொல்லும்போது நமக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளாதா என்ற நப்பாசை. இரண்டு நாள் பயிற்சி. மூச்சை இழு, நாலு எண்ணு, விடு. எனக்கு மூன்றுக்கு மேல் எண்ண வரவில்லை.

குப்பத்துத் தகரக் கொட்டகை வாசலில் ‘மனநல ஆலோசனை’ என்று எழுதி மாட்டினேன். ஒரு வாரம் ஈதான் வந்தது. “நாங்க என்னா பைத்தியமா?” என்று ஒரு அம்மா கேட்டுவிட்டுப் போனார். சரி, நாகரிகமாக இருக்கட்டும் என்று ‘கவுன்சிலிங்’ என மாற்றி எழுதினேன்.

மறுநாள் கொட்டகை கொள்ளாத கூட்டம். அது ஜூன் மாதம். தமிழ்நாட்டில் ஜூனில் கவுன்சிலிங் என்றால் இன்ஜினியரிங் சீட்டு என்பது என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

முதல் ஆள் ஒரு மீனவர், கூடவே பிளஸ் டூ முடித்த மகள். சுனாமியில் மனைவி போய்விட்டார், வீடும் போய்விட்டது. பிளாஸ்டிக் கவரிலிருந்து மகளின் மார்க் ஷீட்டை எடுத்து என் கையில் வைத்தார்.

“பத்தாவது ஷீட்டக் கடலு தின்னுடுச்சு சார். இது ஒண்ணுதான் இருக்குது. இத வச்சு கெடைக்குமா?”

“கிடைக்கும்ங்க. முதல்ல, மூச்சை நல்லா இழுத்து…”

“மூச்சப் பாத்தா சீட்டு தர்றாங்க?”

அந்த நேரம் பார்த்து, வெளியே வந்து நின்ற ஐஸ் லாரி பிரேக் காற்றை விட்டது. புஸ்ஸ்ஸ்.

நான் ஓடினேன். கவுன்சிலிங் சாரே ஓடுகிறாரே என்று கூட்டமும் ஓடியது. முதலில் நான், பின்னால் குப்பம், கடைசியில் என்ன ஏது என்று தெரியாத லாரி டிரைவர்.

“சார்! மார்க் ஷீட்டக் குடுத்துட்டு ஓடுங்க சார்!”

அந்தப் பெண்தான். மெயின் ரோட்டில் என்னைப் பிடித்து, என் வியர்வைக் கையிலிருந்து தாளைப் பிடுங்கினாள். ஓரம் நனைந்திருந்தது, மார்க் அழியவில்லை.

அப்பாவும் வந்து சேர்ந்தார். அடிப்பார் என்று கண்ணை மூடினேன். சிரித்தார்.

“நானும் அன்னைக்கி இப்பிடித்தான் சார் ஓடுனேன். கையில என்னா இருந்துச்சு தெரியுமா? டிவி ரிமோட்டு. அவ பின்னாலயே வர்றான்னு நெனச்சேன் சார்…”

சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அம்மாவைப் பற்றி அப்பா வாய் திறந்தது அதுதான் முதல் முறை என்று மகள் பிறகு சொன்னாள். அங்கேயே ரோட்டோரம் உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசினார். நான் இரைக்க இரைக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பத்தாவது ஷீட்டுக்கு டூப்ளிகேட் வாங்க அலைந்தோம், வந்தது. ஜூலையில் நிஜக் கவுன்சிலிங்குக்கு மூவருமாகச் சென்னைக்குப் போனோம். ஹாலில் அவள் பெயரைக் கூப்பிடுமுன் மைக் ‘புஸ்’ என்றது. நான் பாதி எழுந்துவிட்டேன்.

பைலை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: “நீங்க ஓடுங்க சார். நான் சீட்ட வாங்கிட்டு வந்துடறேன்.”

வாங்கிவிட்டுத்தான் வந்தாள்.