பிலோமினா மேடத்தின் ‘இப்ப வேணாம்’

2014 ஆகஸ்ட் 12, செவ்வாய், காலை ஆறு பத்து. போனில் ஏழு மிஸ்டு கால். ஏழும் டைரக்டர் பாபு. ஷூட்டிங் தேதி மாறியிருக்கும் என்று எரிச்சலோடு கூப்பிட்டேன். “சார், பிலோமினா மேடம் போய்ட்டாங்க. நெஞ்சு வலின்னு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு இட்டாந்தாங்க, வர்ற வழியிலேயே…” அடுத்த மூச்சில், “ஞாயித்துக்கிழமை பைனலுக்கு இனிமே நீங்க ஒருத்தர்தான் ஜட்ஜு” என்றார். அப்போது பிடித்த பயம் இன்னும் விடவில்லை.

இதைப் படிக்கிற நீங்கள் எங்கள் லோக்கல் சேனல் நடத்தும் புதுத் தொழில் திட்டப் போட்டியில் நின்றவர்கள், அல்லது திண்டிவனத்தில் மேடத்தின் பேக்கரியில் பன் வாங்கியவர்கள். நடுவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். திட்டத்தைப் படிப்பேன், மெஷின் ஓடுமா என்று பார்ப்பேன், பச்சை அட்டையோ சிவப்பு அட்டையோ தூக்கிவிடுவேன். ஒரு நிமிஷ வேலை.

முதல் நாள் ஷூட்டிங்கில் மேஜைக்கு அடியில் மேடத்தின் கை நடுங்கியது. “கேமரான்னா பயமா மேடம்?” என்று கேட்டேன்.

“கேமராவுக்கு இன்னாத்துக்குப் பயப்படணும்? எதிர்ல நிக்கிற புள்ள நாம சொல்றத அப்படியே நம்பிடும். அதுக்குத்தான். உனக்குப் பயமே இல்லியே இன்ஜினியரு, அது இன்னும் பேஜாரா கீது.”

சிவப்பு அட்டையைத் தூக்கினால் ‘ரிஜெக்ட்’ என்று சொல்லியாக வேண்டும். அவர் ஒருமுறையும் சொன்னதில்லை. ‘இப்ப வேணாம்’ என்பார். பாபு தலையில் அடித்துக்கொள்வார்.

“மேடம், பன்ச்சா ரிஜெக்ட்னு சொல்லுங்க!”

“என் மொத பேக்கரி படுத்தப்ப ஊரே எனக்கு அதச் சொல்லிச்சிப்பா. நான் வேற எதனா சொல்லிக்கிறேன்.”

போன வாரம் ஒலக்கூர் சேகர் கேப்பை பிஸ்கட் திட்டத்தோடு வந்தார். ஜெயித்தால் பரிசுப் பணத்தோடு நிலத்தையும் விற்று மெஷின் போடுவேன் என்றார். கணக்கு சரி, மெஷினும் சரி. என் கை பச்சை அட்டைக்குப் போய்விட்டது. மேடம் எல்லோரிடமும் கேட்கும் அதே கேள்வியைக் கேட்டார்: “இது படுத்துட்டா வூட்ல மொதல்ல யாரு அழுவாங்க?”

“எங்க வூட்ல எல்லாம் தைரியசாலிங்க மேடம்” என்று சேகர் சிரித்தார்.

மேடம் முன்வரிசையில் இருந்த சேகரின் மனைவியைப் பார்த்தார். “நெலத்த விக்கப்போறாராமே, தெரியுமாம்மா?”

அந்தப் பெண் கேட்டார்: “எந்த நெலத்த?”

மண்டபமே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. “இப்ப வேணாம். ரெண்டு பேரும் பேசிக்கினு பைனலுக்கு வாங்க.”

வெளியே வந்து கத்தினேன். “திட்டத்துல என்ன தப்புன்னு சொல்லுங்க மேடம்!”

“ஒண்ணும் தப்பில்ல. அதான் பயமா கீது.”

எங்களுக்குள் நடந்த கடைசிப் பேச்சு அது.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது பாபு என் பைக்கை நிறுத்தினார். “காலி சேர்ல மேடம் போட்டோ வச்சி மாலை போட்டுடலாம். ‘சேகருக்குப் பச்சைன்னு எங்கிட்ட சொல்லிட்டுதான் போனாங்க’ன்னு ஒரே ஒரு வரி சொல்லுங்க சார். ஊரே அழுவும்.”

மேடம் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் அந்த வரி காதில் விழுந்தால் மறுநாளே நிலம் போய்விடும். செத்தவர் சொல்லிவிட்டுப் போனதாகச் சொன்னால், சேகரின் மனைவி அதற்கு மேல் என்ன பேச முடியும்?

மேடத்திடமிருந்து எனக்கு வந்திருப்பது அந்தக் கை நடுக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை செய்யப்போவது:

1. மேடம் சொல்லாததை அவர் சொன்னதாகச் சொல்ல மாட்டேன். பாபு கத்தட்டும்.

2. மேடத்தின் கேள்வியை நான் கேட்பேன். சேகரை விட்டுவிட்டு, மைக்கை அவர் மனைவி கையில் கொடுத்துக் கேட்பேன்.

3. அந்தப் பெண் பேசி முடிக்கிறவரை இரண்டு அட்டையும் மேஜைக்கு அடியிலேயே இருக்கும். நடுங்கிக்கொண்டு என் கையும் அங்கேதான் இருக்கும்.