வேறு மாஸ்டர்களிடமிருந்து வந்தவர்கள்

கிக் பாக்சிங் சொல்லிக்கொடுப்பது என்றால், முக்கால்வாசி நேரம், வேறொருவர் சொல்லிக்கொடுத்ததை மறக்கடிக்கிற வேலை. எங்கள் கிளப் முத்தியால்பேட்டையில் ஒரு பெயிண்ட் கடையின் மாடியில் இருக்கிறது. ஒன்றும் தெரியாமல் வருகிறவர்கள் அங்கே குறைவு. கராத்தேவில் கறுப்பு பெல்ட், டேக்வாண்டோவில் மெடல், சிலம்பத்தில் பரிசு என்று எதையாவது வாங்கிவைத்துக்கொண்டுதான் மாடிப்படி ஏறுகிறார்கள். என்னைப் போலக் கற்றுக்கொடுத்துப் பிழைக்கும் சக வாத்தியார்களே, சைக்கிளில் வளைந்து வளைந்து போய்ப் பழகியவருக்கு லாரி ஓட்டக் கற்றுக்கொடுத்துப் பாருங்கள், நான் படுகிற பாடு புரியும்.

கொடி தூக்க ஆளில்லை

கலையரசிக்குத் தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. கராத்தேவில் கறுப்பு பெல்ட். குழந்தை பிறந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை என்று எங்களிடம் வந்து சேர்ந்தாள். அவள் குத்துகிற வேகத்தை எங்கள் கிளப்பில் வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை. சிக்கலெல்லாம் குத்திய பிறகுதான். அவள் பழகிய கராத்தேப் போட்டியில் ஒரு அடி சரியாக விழுந்தால் ஆட்டத்தை நிறுத்துவார்கள், கொடி தூக்கிப் பாயிண்ட் கொடுப்பார்கள், இருவரும் அவரவர் இடத்துக்குத் திரும்புவார்கள். கிக் பாக்சிங்கில் அதற்கெல்லாம் நிறுத்த மாட்டார்கள். கலை அழகாக ஒரு குத்து விடுவாள், கையை இடுப்புக்கு இழுத்துக்கொண்டு பின்னால் போவாள், நடுவர் முகத்தைப் பார்ப்பாள். அதற்குள் எதிராளி ஓடிவந்து நாலு சாத்து சாத்திவிடுவாள். போன போட்டிகளில் எல்லாம் முதல் ஆட்டத்திலேயே இப்படித்தான் தோற்றாள்.

அவள் வகுப்பில் இருக்கும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவர் அவளுடைய அம்மா. ஒரு நாள் அந்த அம்மாளே பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடியேறி வந்துவிட்டார். புதுச்சேரி அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. "மாஸ்டர், ஒவ்வொரு தடவையும் அடி வாங்கிட்டு வர்றவளுக்கு ஒத்தடம் குடுக்க என்னால ஆவல. இந்தப் போட்டில ஜெயிச்சி டீம்ல எடுத்துக்கிட்டாங்கன்னா போவட்டும். இல்லன்னா இதோட நிறுத்திக்கணும்" என்றார். நான் கலையைப் பார்த்தேன். ஒப்புக்கொண்டுவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. அம்மா படியிறங்கிப் போனதும் கலை சொன்னாள்: "அடிச்சா பாயிண்ட் குடுக்காத எடத்துல வந்து மாட்டிக்கிட்டேன் மாஸ்டர்."

கைக்கு ஒருவன், காலுக்கு ஒருவன்

பழக்கதோஷம் உனக்கு மட்டுமில்லை என்று கலைக்குக் காட்டுவதற்காக, அன்றைக்கு தினேஷையும் பிரபுவையும் மோதவிட்டேன். தினேஷ் டேக்வாண்டோ. நின்ற இடத்திலிருந்தே எதிராளியின் காது வரைக்கும் காலைத் தூக்குவான். ஆனால் அவன் ஆடிவந்த போட்டிகளில் முகத்தில் குத்தக் கூடாது என்பதால் கை இரண்டும் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். பிரபு பாக்சிங். குத்தில் சூரன். ஆனால் முன்காலை நன்றாக ஊன்றி நிற்பான், அந்தக் காலை அதுவரை யாரும் உதைத்ததில்லை.

மணி அடித்தேன். பிரபு நேராகப் போய் தினேஷின் மூக்கில் ஒன்று வைத்தான். கண்ணில் தண்ணீர் வந்த கோபத்தில் தினேஷ் அவன் தொடையில் ஒரு உதை விட்டான். பிரபு நொண்டியபடி கயிற்றைப் பிடித்துக்கொண்டான். அவ்வளவுதான் ஆட்டம். இரண்டு பேரையும் சேர்த்துத் தைத்தால் ஒரு நல்ல ஆட்டக்காரன் கிடைப்பான் என்று எனக்குத் தோன்றியது. "எங்க ரூல்ல மூஞ்சில குத்தவே கூடாதுடா" என்று தினேஷ் மூக்கைப் பிடித்துக்கொண்டு முறையிட்டான். தொடையைத் தேய்த்துக்கொண்டே பிரபு திருப்பிக் கேட்டான்: "எங்க ரூல்ல காலே கெடையாது, நான் எதுனா சொன்னனா?"

சொல்தாவின் கட்டைவிரல்

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அந்துவான் அப்படி ஒரு சொல்தா. குடும்பம் பிரான்சில், விடுமுறைக்கு இங்கே வருவார். வந்தால் கிளப்புக்கும் வருவார். ராணுவத்தில் அவர் பழகியது சவாத். அதுவும் கையும் காலும் சேர்ந்த சண்டைதான், ஆனால் ஷூ போட்டுக்கொண்டு ஷூ முனையால் உதைப்பார்கள். எங்களிடம் வெறுங்கால் என்றேன். பிரெஞ்சில் அதனாலென்ன என்று சொல்லிவிட்டு ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

கலையோடு இறங்கினார். உதை வந்த அழகே அழகு. காலை அளந்து மடக்கி, ஊசி மாதிரி நீட்டினார். ஷூ இருப்பதாக அவருடைய கால் நினைத்துக்கொண்டது. கட்டைவிரல் நேராகக் கலையின் முழங்கையில் போய்ப் பட்டது. ஒற்றைக்காலில் ரிங் முழுக்கக் குதித்தார். கலை அந்த நேரத்தில் என்ன செய்தாள் என்கிறீர்கள்? ஒரு குத்து விட்டுவிட்டுப் பின்னால் போய், பாயிண்டுக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "போகாதே, நில்லு, அடி!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். அந்துவான் காலைப் பிடித்தபடி என்னிடம் கெஞ்சினார்: "கத்தாதீங்க மாஸ்டர், அவங்க நிக்கறதாலதான் நான் உசுரோட இருக்கேன்."

கும்பிடப் போன முருகையன்

முருகையன் வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறவன். சிலம்பத்திலிருந்து வந்தவன். சிலம்பத்தில் ஆட்டத்துக்கு முன்னால் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுச் சபைக்கு வணக்கம் சொல்லும் முறை உண்டு. எங்களிடம் மணி அடித்தால் எல்லோரும் கையைத் தூக்குவார்கள், முருகையன் குனிவான். முதல் நாள் பிரபு குனிந்தவன் தலையிலேயே போட்டான். கும்பிடுகிறவனை அடிக்கலாமா என்று முருகையன் கேட்டான். அதன் பிறகு மணி அடிப்பதற்கு முன்பே கும்பிட்டுக்கொள்ளச் சொன்னேன்.

கும்பிட்டு முடித்தானானால் அவனைப் பிடிக்க ஆள் கிடையாது. கம்பு வீசிப் பழகிய கால்கள் ஒரு கோட்டில் நிற்பதில்லை. அவன் இருந்த இடத்தில்தான் அடி விழும், அவன் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருப்பான். கலை ஆடுவதைச் சில நாள் ஓரமாக நின்று பார்த்தான். பிறகு தயங்கித் தயங்கி அவளிடம் சொன்னான்: "பின்னால போறதுன்னா போங்கக்கா, ஆனா நேரா போவாதீங்க, வாங்க வாங்கன்னு கூப்புடற மாதிரி இருக்குது."

பிரபு உட்கார்ந்த கதை

என் கத்தலால் கலைக்கு நேர்ந்தது என்னவென்றால், இதுவும் போய் அதுவும் போயிற்று. குத்துவாள், பின்னால் போக நினைப்பாள், என் குரல் ஞாபகம் வரும், பாதியில் நிற்பாள், நடுவழியில் அடி வாங்குவாள். போட்டி நெருங்க நெருங்க என் தூக்கம் போனது.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து களைத்துப்போய் வந்தாள். நான் சொன்னதெல்லாம் களைப்பில் மறந்துவிட்டது. பிரபுவை ஒரு குத்து குத்திவிட்டு, முருகையன் சொன்னபடி கொஞ்சம் பக்கவாட்டில் ஒதுங்கிப் பின்னால் போனாள். பிரபு வழக்கம்போல ஆசையாகத் துரத்திக்கொண்டு போனான். கலையின் கால் தானாக எழுந்து பக்கவாட்டில் நீண்டது. கராத்தேக்காரர்கள் ஆயிரம் முறை பழகுகிற உதை அது. பிரபு வயிற்றில் உதை வாங்கித் தரைவிரிப்பில் உட்கார்ந்துவிட்டான். இன்னொரு முறை செய் என்றேன். பிரபு மாட்டேன் என்றான். தினேஷை அனுப்பினேன், அவனும் உட்கார்ந்தான். இத்தனை நாளும் எதை நிறுத்தச் சொல்லிக் கத்தினேனோ, அதையே இனிமேல் தைரியமாகச் செய் என்று சொன்னேன். வயிற்றைப் பிடித்தபடி பிரபு சொன்னான்: "அக்கா பயந்து ஓடறாங்கன்னு நம்பிப் போனேன் மாஸ்டர், மூடின கதவுல மோதிக்கிட்டேன்."

உழவர்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

போட்டி உழவர்கரையில் ஒரு பள்ளிக்கூட அரங்கில் நடந்தது. கலையின் எடைப் பிரிவில் நாலு பெண்கள். இரண்டு ஆட்டமும் ஜெயித்தால்தான் அணியில் இடம். முதலில் காரைக்கால் பெண். கலை குத்திவிட்டுப் பின்வாங்குகிறவள் என்பதை யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தாள் போலும், முதல் குத்து விழுந்ததுமே துரத்தினாள். கால் நீண்டது. மறுபடி துரத்தினாள், மறுபடி நீண்டது. அதற்கப்புறம் அவள் துரத்தவே பயந்தாள். நடுவர் கலையின் கையைத் தூக்கியபோது நானும் தினேஷும் கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

இறுதி ஆட்டத்தில் வந்தவள் பழம் தின்று கொட்டை போட்டவள். முந்தைய ஆட்டத்தைப் பார்த்திருந்தாள், துரத்தவேயில்லை. கலை கடைசி மணி வரை நின்று அடித்தாள், ஒரு இடத்திலும் நடுவர் முகத்தைப் பார்க்கவில்லை. நூலிழையில் தோற்றாள்.

நான் அவளுடைய கிளவுஸ் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, அம்மா பேத்தியைத் தூக்கிக்கொண்டு கேலரியிலிருந்து இறங்கி வந்தார். "சொன்னது சொன்னதுதாம்மா, நிறுத்திக்கறேன்" என்றாள் கலை. நான் அவிழ்த்த நாடாவையே திரும்பத் திரும்ப அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அம்மா குழந்தையை அவள் மடியில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நல்ல கோபம். "எதுருல ஆடுன அந்தப் பொண்ணு குத்தறப்பல்லாம் எடது கையத் தொங்க வுட்டுட்டே இருந்தா. மேல ஒக்காந்திருக்கற எனக்கே தெரியுது, பக்கத்துல நிக்கற நீங்க ஏன் மாஸ்டர் சொல்லல? நாளைக்கு கிளாஸ் எத்தினி மணிக்கு, நானும் கூட வரேன்."

எந்த ஊர்ச் சண்டைக் கலையும் கிக் பாக்சிங்கில் தேறிவிடும், எப்போது கத்த வேண்டும் எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று மாஸ்டருக்குத் தெரிந்திருந்தால் போதும். அதைத்தான் இப்போது வாரத்தில் ஆறு நாளும் அந்த அம்மாளிடம் நான் பயின்றுகொண்டிருக்கிறேன்.