இடியனுக்கு ஏற்ற அளவு

பிழை என்னுடையது இல்லை என்று நிரூபிக்கத்தான் அந்த ஏப்ரல் மாதச் சனிக்கிழமைகளில் டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதியில், ஹோர்சன்ஸ் நகருக்கு வெளியே இருக்கும் சுடுகளத்துக்குப் போய்வந்தேன். வேறு எந்த நல்ல நோக்கமும் எனக்கு இருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என்னுடையது குழாயின் வாய்வழியாக வெடிமருந்து போட்டு இடிக்கும் வேட்டைத் துவக்கு, பழைய காலத்துத் துப்பாக்கி. ஊரில் இடியன் என்போம். வேட்டைப் பரீட்சை எழுதி, அனுமதிக் கடதாசிகள் எல்லாம் எடுத்து, என்னோடு கிடங்கில் வேலை செய்யும் டேனிஷ் நண்பனிடம் அதை வாங்கினேன். எங்கள் இருவருக்கும் ஒரே வயது. பதினொரு வருடமாக ஒரே மேசையில் எதிரெதிரே இருந்து மதியச் சாப்பாடு. இடியனுக்குத் தோட்டா கிடையாது. கருமருந்தை அளந்து குழாய்க்குள் கொட்டி, பசை தடவிய சின்னத் துணித்துண்டில் ஈயக் குண்டை வைத்து, கம்பியால் அடிவரை இடித்து இறக்க வேண்டும். எவ்வளவு மருந்து, எவ்வளவு தடித்த துணி, என்ன பசை என்பதெல்லாம் துவக்குக்குத் துவக்கு மாறும். சரியான சேர்மானம் பிடிபடும்வரை குண்டு தன் பாட்டுக்குப் போகும்.

முந்திய வருடம் யூலையில் எனக்கு அது பிடிபட்டது. எழுபது கிறெயின், அதாவது நாலரை கிராம், மருந்துக்கு, ஐம்பது மீற்றரில், ஐந்து குண்டும் ஒரு கோப்பை வாய்க்குள் விழுந்தன. கொஞ்சம் கீழே விழுகிறது என்று செப்டெம்பரில் நண்பன் குழாய் நுனியில் இருக்கும் முன்குறியை அரத்தால் ராவித் தந்தான். நல்ல வெயில் நாள். இரண்டு வெடி வைத்துப் பார்த்துவிட்டுப் போதும் என்று விட்டோம்.

நவம்பரில் அவன் என்னைச் சுவீடனுக்குக் கூட்டிப்போனான். அங்கே அவனுடைய வேட்டைக் குழு ஒரு காட்டைக் குத்தகைக்கு எடுத்திருந்தது, நான் விருந்தாளி. புல்லெல்லாம் உறைபனி. நாற்பது மீற்றரில் வந்து நின்ற மானின் நெஞ்சுக்குக் குறிவைத்தேன். குண்டு வயிற்றில் பட்டது. மான் ஓடிவிட்டது. மோப்ப நாய் அதைக் கண்டுபிடிக்க மூன்று மணித்தியாலம் ஆனது. அப்போதும் அதற்கு உயிர் இருந்தது. நண்பன்தான் முடித்துவைத்தான். நான் அதன் கண்ணைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

என்ன நடந்தது என்று குழுத் தலைவர் கேட்டார். நான் வாய் திறக்குமுன் நண்பன் முந்திக்கொண்டான்.

"குறியை ராவியது நான். பிழை என்னுடையது."

நான் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றேன்.

பெப்ரவரியில் அவனைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டதாகக் கடிதம் வந்தது. இருபது வருடமாக அவன் போய்வந்த காடு. சாப்பாட்டு மேசையில் அதைச் சொல்லிவிட்டுக் கறுப்பு ரொட்டியைக் கடித்தான். நான் என் சாப்பாட்டுப் பெட்டியை மூடினேன். ஆனாலும் 'குறி பிழையாகத்தான் இருக்கும்' என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அது உண்மையென்றால் நான் பேசாமல் நின்றதும் பெரிய குற்றமாகாது. அதைப் பார்க்கத்தான் சுடுகளத்துக்குப் போனேன்.

குறி பிழையென்றால் குண்டுகள் ஒன்றாகக் கூடி, ஆனால் தள்ளி விழ வேண்டும். என் குண்டுகள் கூடவே இல்லை. அறுபது, அறுபத்தைந்து, எழுபது, எண்பது என்று மாற்றி மாற்றிப் போட்டேன். எல்லாம் இடியப்பத் தட்டு அகலத்துக்குச் சிதறின. ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் குழாயைத் துடைத்தேன். புது மருந்து வாங்கினேன். யூட்லாந்துக் காற்றைத் தூய தமிழில் திட்டினேன். சுட்ட பிறகு புல்லில் விழுந்து கிடக்கும் துணித்துண்டுகளைப் பொறுக்கிப் பார்த்தேன். நல்ல வெடியில் துணி நடுவில் மட்டும் கறுத்து முழுசாகக் கிடக்கும். என்னுடையவை பொத்தலாகிக் கருகிக் கிடந்தன. துணி மெல்லிசு, அதுதான் சங்கதி என்று தீர்மானித்து, வீட்டுக்குப் போய்த் தடித்த வேட்டி ஒன்றை எடுத்து வெட்டத் தொடங்கினேன்.

"உங்களுக்கென்ன விசரே? கோயிலுக்குக் கட்டுற வேட்டியெல்லோ அது!" என்றாள் மனைவி. முதியோர் இல்லத்து வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். "அந்த மான் செத்து அஞ்சு மாசம். நீங்கள் இன்னும் ஆரோட சண்டை பிடிக்கிறியள்?"

"துவக்கோட."

"துவக்கோட இல்லை," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் வந்த கோபம்.

வேட்டித் துணியும் கருகியது. அதற்கடுத்த ஞாயிறு காலை அவள் முழுகிவிட்டுத் தலைக்கு எண்ணெய் வைக்க வந்தாள். போத்தலைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுச் சூடாக்கியின் மேல் வைத்தாள்.

"இந்த நாட்டில தேங்காயெண்ணெய் எப்பவும் கட்டிதான். ஆடி மாசம் ஒண்டுதான் அது எண்ணெய்," என்றாள்.

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

துவக்கை வாங்கிய அன்று நண்பன் ஒரு டப்பா பசையும் தந்திருந்தான். ஆட்டுக்கொழுப்பும் தேன்மெழுகும் உருக்கி அவனே செய்தது. எனக்கு அந்த மணம் பிடிக்கவில்லை. தலைக்கும் கறிக்கும் புண்ணுக்கும் உதவுகிற எங்கள் எண்ணெய் ஓர் இரும்புக் குழாய்க்கு உதவாதா என்ற திமிர் வேறு. அவனிடம் ஒரு சொல் சொல்லாமல் துணிகளுக்குத் தேங்காயெண்ணெய் தடவினேன். யூலையில் அது எண்ணெய். செப்டெம்பர் வெயிலிலும் எண்ணெய். சுவீடனின் உறைபனியில் மெழுகு. ஏப்ரல் குளிரிலும் அதேதான். விறைத்த துணி குண்டைச் சரியாகப் பிடிக்காமல் கருகியது.

அன்று காட்டில் துணி அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. கம்பி பாதியில் நின்றது. உடம்பைச் சாய்த்து இடித்து இறக்கினேன். குளிரில் கை விறைத்ததால்தான் என்று பிறகு பலமுறை நினைத்துக்கொண்டேன். பொய். ஏதோ சரியில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். மானைக் கண்டதும் அதை மறந்தேன். மறக்க விரும்பினேன்.

அடுத்த சனிக்கிழமை அவன் தந்த டப்பாவை முதன்முதலாகத் திறந்தேன். அதே பழைய வகைத் துணி, அதே எழுபது கிறெயின், பசை மட்டும் அவனுடையது. ஐந்து குண்டும் ஒரு கோப்பை வாய்க்குள், குறிவைத்த இடத்திலேயே விழுந்தன. அவன் ராவிய குறியில் மயிரளவு பிழையில்லை. பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்தவர் கைதட்டினார். நான் துவக்கை வைத்துவிட்டு மர வாங்கில் இருந்துவிட்டேன்.

கடதாசி இலக்கைச் சுருட்டிக்கொண்டு நேரே நண்பன் வீட்டுக்குப் போனேன். குசினி மேசையில் கோப்பி ஊற்றி வைத்தான். நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை அவன் குறுக்கே பேசவில்லை. பிறகு கடதாசியை யன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தான்.

"எனக்குத் தெரியும்," என்றான். "அன்று மானைத் தேடப் போகுமுன் உன் துவக்கைத் துடைத்துத் தந்தேனே, அப்போது துணி எடுக்க உன் துணித்துண்டு டப்பாவைத் திறந்தேன். தேங்காய் மணத்தது."

"பிறகு ஏன் பழியை நீ எடுத்தாய்?"

"நீ விருந்தாளி. அதுவும் வெளியிலிருந்து வந்தவன். உன்னைப் பற்றி அவர்கள் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். என்னை ஒரு நாள் திட்டுவார்கள், அவ்வளவுதான் என்று நினைத்தேன்." கோப்பையைத் தள்ளி வைத்தான். "அடுத்த நாளே நீ சொல்லுவாய் என்றும் நினைத்தேன்."

அவனுடைய குசினியில் நின்றே குழுத் தலைவருக்குத் தொலைபேசியில் நடந்ததைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார், நன்றி சொன்னார். அந்த இடத்தை மார்ச்சிலேயே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம் என்றார்.

நண்பனிடம் அதைச் சொன்னேன். தலையாட்டினான். கடதாசியைச் சுருட்டி என்னிடம் திருப்பித் தந்தான்.

"எழுபது கிறெயின்," என்றான். "நல்ல அளவு."

திங்கட்கிழமை மதியம் அவன் அதே மேசைக்குத்தான் வந்தான். என்ன சாப்பாடு என்று வழமைபோலக் கேட்டான். ஆனால் எனக்கு எதிரே இருக்கவில்லை, ஒரு கதிரை தள்ளி இருந்தான்.