விதைக்காமல் கிடந்த வெள்ளைக்கல் புஞ்சை

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருஷத்துக்கும் மேலாகச் சங்கரன்கோவிலில் கல்லை இடித்துப் பொடியாக்கி நிறுத்துக்கொண்டிருந்தேன். பாளையங்கோட்டையில் வேதியியல் படித்து முடித்திருந்தேன். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். நானும் டீச்சர் டிரெயினிங் போவேன் என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். ஒரு கம்பெனி சோதனைக்கூடத்துக்கு ஆள் எடுப்பதாகப் பத்திரிகையில் பார்த்து, யாரிடமும் சொல்லாமல் எழுதிப் போட்டேன். வேலை கிடைத்துவிட்டது. வந்த பிறகுதான் தெரிந்தது, சோதனைக்கூடம் என்று அவர்கள் சொன்னது விசைத்தறித் தெருவில் வாடகைக்குப் பிடித்த இரண்டு அறை வீடு.

அந்த வீட்டில் ஒரு மின் உலை, ஓர் இரும்பு உரல், சல்லடைகள், அமிலப் புட்டிகள், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ரசாயனத் தராசு. இரண்டு பக்கச் சுவருக்கும் அந்தப் பக்கம் தறிகள். அவை ஓடும்போது தராசு முள் ஒரு நிமிஷம் நிற்காது. கரண்டு இருந்தால் உலையில் கல்லைச் சுடலாம், நிறுக்க முடியாது. கரண்டு போனால் தறி நின்று தெருவே அமைதியாகிவிடும், அப்போது ஓடிப்போய் நிறுப்பேன். ஊரில் எல்லாரும் கரண்டு போனால் திட்டினார்கள். நான் மட்டும் அதற்காகக் காத்திருந்தேன்.

எனக்கு மேலே இருந்தவர் நிலவியல் படித்தவர். சேலத்துச் சுரங்கங்களில் பல வருஷம் வேலை பார்த்தவர். அவரை சார் என்றுதான் கூப்பிடுவேன். கம்பெனி தேடியது மக்னீசியம் நிறைந்த ஒரு வெள்ளைக்கல். அதைச் சுட்டால் மக்னீசியா கிடைக்கும். இரும்பு உருக்கும் உலைகளுக்கு உள்ளே அடுக்குகிற செங்கல்லுக்கு அதுதான் மூலப்பொருள். அதனால் எங்கே வெள்ளைக்கல் தட்டுப்படுகிறது என்று கேள்விப்பட்டாலும் கம்பெனி ஆள் அனுப்பிப் பார்த்தது.

சங்கரன்கோவிலிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போய், அப்புறம் கொஞ்ச தூரம் நடந்தால் அந்தப் புஞ்சை வரும். சொந்தக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். அவரும் அவர் மனைவியும் மட்டும்தான். பிள்ளைகள் இல்லை. மானாவாரி நிலம், மழை பெய்தால் நிலக்கடலை, கம்பு. கூடவே கொஞ்சம் ஆடுகள். கிணறு வெட்டப் போன இடத்தில் தண்ணீர் வராமல், அவித்த மரவள்ளிக்கிழங்கை உடைத்தது போல வெள்ளைக்கல் வந்திருக்கிறது. அவர் அதை ஒரு துணியில் முடிந்துகொண்டு எங்களைத் தேடி வந்தார்.

"சுக்கான்கல்லா இருக்கும்னு எல்லாரும் சொல்லுதாங்க. நீங்க பாத்துச் சொல்லுங்க டீச்சரம்மா" என்றார். படித்த பெண் என்றால் அவருக்கு டீச்சர்தான். நான் திருத்தவில்லை. அவரை நான் அண்ணாச்சி என்றேன்.

முதலில் சுண்ணாம்புக் கல்லான சாதாரணச் சுக்கான்கல் ஒன்றின்மேல் அமிலம் விட்டேன். புஸ்ஸென்று நுரைத்தது. அவருடைய கல்லின்மேல் விட்டேன். சும்மா இருந்தது. அவர் முகம் வாடிவிட்டது. பிறகு அதையே பொடித்து, அமிலத்தைச் சூடாக்கி ஊற்றினேன். கண்ணாடிக் குவளை விளிம்புவரை நுரை எழும்பியது.

"இதுதான் அண்ணாச்சி நாங்க தேடுத கல்லு" என்று நான்தான் சொன்னேன். அந்தச் சந்தோஷத்தை முதலில் அவருக்குக் கொடுத்தவள் நான்.

சார் அன்றைக்கே புஞ்சைக்குப் போனார். பங்குனியிலிருந்து குழி வெட்ட ஆரம்பித்தார்கள். நிலத்துக்குக் குறுக்கே ஆள் உயர ஆழத்தில் நீளமாக மூன்று வாய்க்கால், அங்கங்கே ஆழமாக ஐந்து குழி. அண்ணாச்சிதான் வெட்டுகிறவர்களுக்கு மேஸ்திரி. ஒவ்வொரு குழியிலும் இத்தனை அடிக்கு ஒரு பை என்று கல் எடுத்து, சார் எழுதிக் கொடுத்த சீட்டைக் கட்டி, திங்கட்கிழமை சந்தைக்கு வருகிறவர்களோடு பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்குவார். ஒரு பைகூட மாறியதில்லை. எழுத்து அவ்வளவாகத் தெரியாது, ஆனால் எந்தக் கல் எந்தக் குழியில் எத்தனையாவது அடி என்பதைப் பார்த்ததும் சொல்வார்.

நான் அதை இடித்து, சலித்து, வட்டமாகப் பரப்பி நாலாகப் பிரித்து, இரண்டு பங்கைத் தள்ளி, மறுபடி பிரித்து, கடைசியில் ஒரு சிட்டிகைக்குக் கொண்டுவந்து சோதிப்பேன். அவர் பொறுமையாக உட்கார்ந்து பார்ப்பார். முதல் நாலைந்து மாதம் சோதனை நன்றாகவே வந்தது. மேல்பகுதிக் கல் சுத்தமாக இருந்தது. சாரும் குஷியில் இருந்தார். புஞ்சையில் நின்றுகொண்டு, "இங்கே ஒரு சூளை வரும். உங்களுக்கு ஆயுசுக்கும் வேலை இருக்கும்" என்று அண்ணாச்சியிடமும் அவர் மனைவியிடமும் சொன்னாராம். இன்னும் வாய்க்கால் வெட்ட வேண்டியிருக்கும், தான் சொல்லும்வரை உழ வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். கூடவே என்னிடம் ஒரு கண்டிப்பு: "ரிசல்ட்டை வெளியில யார்கிட்டயும் சொல்லக்கூடாதும்மா. நிலத்துக்காரர்கிட்டகூட. கம்பெனி ரகசியம்." நல்ல செய்தியை மறைப்பது அப்போது எனக்குக் கஷ்டமாக இல்லை.

ஆவணியில் ஆழக் குழிகளின் கல் வர ஆரம்பித்தது. அமிலத்தில் கரைத்து வடிகட்டினால் தாளில் மணல் தங்கியது. இன்னும் ஆழத்துக் கல்லில் இன்னும் அதிகம். கல் கெட்டியாக, தடிமனாக இல்லாமல் கறுத்த பாறைக்குள் வலை பின்னின மாதிரி ஓடியது. பாறையை விட்டுவிட்டு வெள்ளையை மட்டும் கையால் பொறுக்கி எடுக்க வழியில்லை. மணல் கலந்த மக்னீசியாவில் செய்த செங்கல் உலைச் சூட்டில் உருகிவிடும், யாரும் வாங்க மாட்டார்கள்.

தப்பு என்னுடையதாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். தறி அதிர்ச்சியில் தராசு பொய் சொல்லியிருக்கும் என்று நினைத்தேன். கரண்டு இல்லாத பகல்களாகப் பார்த்து, ஜன்னலைச் சாத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி நிறுத்தேன். அதே மணல். புரட்டாசி நடுவில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த வாரம் அண்ணாச்சி வந்தார். பையை இறக்கி வைத்துவிட்டு நின்றார்.

"மேகம் கூடுது டீச்சரம்மா. பக்கத்துக்காரன்லாம் உழுதுட்டான். கடலை வித்து வீட்ல கிடக்கு. நான் விதைக்கட்டுமா வேண்டாமா, அத மட்டும் சொல்லுங்க. கல்லப் பத்தி நான் கேக்கல."

அவர் எனக்கு வழி விட்டுத்தான் கேட்டார். விதையுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கல் ஆகாது என்பதும் அந்த ஒரு வார்த்தையிலேயே இருந்தது.

"சார்ட்ட கேளுங்க அண்ணாச்சி" என்றேன்.

"அவரு பொறுங்கன்னு சொல்லுதாரு."

"அப்போ பொறுங்க" என்றேன். என் வாய்தான் சொன்னது.

அவர் போனதும் சாரிடம் போய் நின்றேன். "அவரை விதைக்கச் சொல்லிருங்க சார்." அவர் ரிசல்ட் நோட்டை மூடினார். "ஹெட் ஆபீஸ் இன்னும் முடிவு சொல்லலை. வடக்குப் பக்கம் இன்னும் ரெண்டு குழி போடலாமான்னு கேட்டிருக்கேன். நாம இப்போ கைவிட்டுட்டோம்னு வெளியில தெரிஞ்சா, நாளைக்கு நல்ல கல் வந்தாலும் குத்தகை பேச முடியாது. எனக்கும் மேல ஆள் இருக்காங்கம்மா." அவர் கெட்டவர் இல்லை. அந்தப் புஞ்சையில் சூளை வர வேண்டும் என்று என்னைவிட அதிகம் ஆசைப்பட்டவர். நோட்டைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகம் சுருங்குவதைக் கவனித்திருக்கிறேன்.

ஹெட் ஆபீசுக்கு நானே ஒரு கடிதம் எழுதினேன். தபால்பெட்டிவரை போய், போடாமல் திரும்பி வந்தேன். மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தேன், தம்பி காலேஜில் சேர்ந்திருந்தான். இது காரணம்தான், சமாதானம் இல்லை.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. பஸ்ஸில் போகிறபோது இரண்டு பக்கமும் பச்சை. கோவில் பக்கம் நனைந்துகொண்டே போகிறவர்கள்கூடச் சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு மழைக்கும் நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

கார்த்திகை பிறந்து ஹெட் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. வேலையை நிறுத்திவிட்டுச் சாமான்களைச் சேலத்துக்கு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். குழிகளை மூடுவது பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. சார் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "நீங்க போய் அவர்கிட்டச் சொல்லிருங்கம்மா. என்னால முடியாது" என்று சொல்லிவிட்டு மத்தியான ரயிலுக்குப் போய்விட்டார்.

நான் மறுநாள் காலையில் பஸ் ஏறினேன். சுற்றிலும் கடலை பூத்திருந்த நேரம். அண்ணாச்சியின் புஞ்சை மட்டும் வெள்ளைக்கல் குவியல்களும் புல்லுமாகக் கிடந்தது. வாய்க்கால்களில் மழைத் தண்ணீர். அவர் ஒரு குழியின் கரையைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் சொன்னேன். மண்வெட்டியைக் கீழே போடவில்லை, அதன்மேல் சாய்ந்து நின்று கேட்டார்.

"கல்லு ஆகாதாமா?"

"மணல் கூடுதலா இருக்கு அண்ணாச்சி. அடியில போகப் போக ஆகாது."

அவர் மனைவி ஆட்டை விட்டுவிட்டு வந்தார். மெலிந்த, நிமிர்ந்த பெண். நான் மதினி என்று கூப்பிடுவேன், அதுவரை என்னோடு அதிகம் பேசியதில்லை.

"உங்களுக்கு எப்ப தெரியும்?" என்று அவர்தான் கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். நேற்றுத்தான் கடிதம் வந்தது என்பதும் உண்மைதானே.

"புரட்டாசியிலேயே தெரியும் மதினி."

அண்ணாச்சி என்னைப் பார்க்காமல், "சொல்லியிருந்தா பாதி நிலத்துலயாவது போட்டிருப்பேன்லா" என்றார். கோபமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நான் கிளம்பும்போது மதினி ஒரு பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "அந்தப் பெரிய குழியில ஊத்து வந்திருக்கு. மழத் தண்ணி இல்ல, அடியிலேர்ந்து வருது. இதயாவது பாத்துச் சொல்லுங்க. இங்கன தண்ணி கிடைச்சா போதும், கல்லு யாருக்கு வேணும்?"

சாமான் கட்டுவதற்கு முன் நான் கடைசியாகச் செய்த சோதனை அதுதான். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஜெபம் பண்ணினேன். கல்லில் போதாமல் போன மக்னீசியம் தண்ணீரில் அளவுக்கு மேல் இருந்தது. குடித்தால் கசக்கும், வயிற்றைக் கலக்கும். கடலைக்குப் பாய்ச்சினால் நாளடைவில் மண் இறுகிப்போகும். இந்த முறை யார் அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. அன்றைக்கே சாயங்கால பஸ்ஸில் போய்ச் சொன்னேன். மதினி என்னைப் பார்த்தார்.

"நல்லதா ஒன்னும் சொல்லத் தெரியாதா உங்களுக்கு?" என்றார்.



சேலத்துக்கு நான் போகவில்லை. வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, அப்பா நினைத்தபடியே டிரெயினிங் சேர்ந்தேன். குழிகளை மூடித் தரச் சொல்லி ஹெட் ஆபீசுக்கு மூன்று கடிதம் எழுதினேன். இந்தத் தடவை தபால்பெட்டியில் போடவும் செய்தேன். மூன்றாவதுக்குப் பதில் வந்தது. அந்த வேலையின் ஃபைல் மூடப்பட்டுவிட்டது, மேற்கொண்டு எதுவும் செய்வதற்கில்லை என்று.

நாலைந்து வருஷம் கழித்து, புளியங்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது சங்கரன்கோவிலில் பஸ் மாறினேன். ஏறின பஸ்ஸில் அண்ணாச்சி இருந்தார். அவர்தான் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "டீச்சரம்மா" என்றார். அப்போது நான் நிஜமாகவே டீச்சர். அந்த வருஷம் சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். இரண்டு பேரும் தறிக்காரர் ஒருவரிடம் நூல் சுற்றப் போனார்களாம். பாதி ஆட்டை விற்றார்களாம். அடுத்த மழைக்குக் குழிகளைச் சுற்றி முள் அடைத்துவிட்டு மீதி நிலத்தில் விதைத்தாராம். இரண்டு குழிகளை அவரே கல்லைத் தள்ளி மூடிவிட்டார். மற்ற மூன்றும் அப்படியே கிடக்கின்றன.

"ஒரு ஆடு விழுந்து செத்துப் போச்சு. மத்தபடி ஒன்னுமில்ல."

"மதினி?"

"இருக்கா. உங்கள ஏசுவா, எப்பவாவது."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அந்தக் கசப்புத் தண்ணீரை ஆடுகள் குடிக்கின்றன, முதலில் மூஞ்சியைத் திருப்பினவை இப்போது பழகிவிட்டன, கோடையில் ஊர் ஆடெல்லாம் அங்கேதான் வருகின்றன என்றார். "அதுகளுக்கு ஒன்னும் செய்யாதுல்ல?"

ஆடு எவ்வளவு தாங்கும் என்று எனக்குத் தெரியாது. நான் படித்ததில் அது இல்லை.

"தெரியல அண்ணாச்சி" என்றேன். அவர் தலையாட்டினார். அவருடைய ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கு வந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.