அப்பாவின் படத்துக்கு வந்த கைதட்டல்

தினமும் காலையில் ஓர் ஓவியம், ஓர் அறிவியல் துணுக்கு, ஒரு செய்தி என்று இணையத்தில் தேடிப் பிடித்து எங்கள் பெங்களூரு தமிழர் வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். உடனே கைதட்டும் எமோஜிகள் குவியும். அடுகோடியில் இருக்கும் சரளா மேடம் மட்டும், "இது எங்க வந்தது? எப்போ?" என்று குடைவார். எனக்கு எரிச்சலாக வரும்.

அன்று, மறதி நோயுள்ள என் அப்பா ஸ்ரீராம்புரம் வீட்டிலிருந்து காணாமல் போனார். சந்து சந்தாகத் தேடிவிட்டு, அவர் படத்தைக் குழுவில் போட்டு, "அப்பாவைக் காணோம், அவருக்கு மறதி நோய், யாராவது பார்த்தீங்களா?" என்று எழுதினேன்.

கைதட்டல்கள் குவிந்தன. "சூப்பர் போட்டோ சார்!" என்றார் ஒருவர். நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதேன். படிக்காமலே கைதட்ட அவர்களைப் பழக்கியவன் நான்தானே.

அப்போது சரளா மேடம் போன் செய்தார்.

"சார், இது எப்போ எடுத்த படம்? இன்னிக்கு என்ன சட்டை? முன்னாடி எங்க வேலை பார்த்தாரு?"

"பொம்மசந்திரா ஃபேக்டரி மேடம்."

"கம்பெனி பஸ் எங்க ஏறுவாரு?"

ஓடினேன். அந்தப் பழைய நிறுத்தத்தில், வராத பஸ்ஸுக்காக அப்பா வெயிலில் நின்றிருந்தார்.

மறுநாள் நான் எதுவும் போடவில்லை. "இன்னிக்கு ஓவியம் எங்க சார்?" என்று குழுவே கேட்டது. அப்பா சாப்பிட்டாரா என்று கேட்டவர் சரளா மேடம் மட்டும்தான்.