இல்லாத பிள்ளைக்கு வந்த பால்

மேனேஜரின் கண்ணாடி மேசைமேல் அந்தச் சின்னத் துண்டு கிடந்தது. பச்சைக் கரை போட்ட கைத்துண்டு, ஓரம் பிரிந்தது, நாலாக மடித்தது. வாசல் சோதனையில் பிடித்ததாகச் சொல்லி, ஏதோ தங்கக் கடத்தலையே மடக்கிவிட்ட மிடுக்கோடு செக்யூரிட்டி அம்மாள் அதைக் கொண்டுவந்து வைத்திருந்தாள். எதிரே துண்டு செக்‌ஷன் அக்கா, முந்தானையை மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேனேஜர் துண்டை இரண்டு விரலால் தூக்கி, கடை லேபிள் இருக்கிறதா என்று முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "ஜாக்கெட்டுக்குள்ளயா வச்சிருந்தா?" என்று கேட்டார். அக்காவைக் கேட்கவில்லை, செக்யூரிட்டியைக் கேட்டார். அப்புறம்தான் கையில் ஈரம் உறைத்திருக்க வேண்டும். "என்னது இது, நனைஞ்சிருக்கு?" என்றார்.

"பாலு சார்," என்றாள் அக்கா. "புள்ள பெத்தா வரும். எனக்கு வந்துகினே கீது, நிக்கமாட்டேங்குது. கண்ணாடி தொடைக்கிற கிழிஞ்ச துண்டு அது. திருட்டு மால் இல்ல."

மேலே பல்லி விழுந்த மாதிரி கையை உதறினார் அந்த மனிதர். துண்டு தரையில் விழுந்தது. மன்னிப்புக் கேட்பார் என்று நான் நினைத்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும். குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "சரி சரி, போ. நாளையில இருந்து வீட்டுத் துணி கொண்டாந்துக்க," என்றார். அவ்வளவுதான் அவருடைய பெரிய மனசு.

தி. நகரில் பல மாடி வைத்து எழுந்து நிற்கிற துணிக்கடைகளில் அதுவும் ஒன்று. எந்தக் கடை என்று சொல்லி அவர்களுக்கு இலவச விளம்பரம் தர எனக்கு விருப்பமில்லை. நான் அங்கே ஆபீஸ் பக்கம் இருந்தேன். வருகை, சம்பளம், விடுப்பு எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். இரவு கடை சாத்தியதும் பெண்கள் எல்லோரும் பின்வாசலில் வரிசையில் நிற்க வேண்டும். பையைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும், கொண்டையை அவிழ்த்து உதற வேண்டும், புடவைக் கொசுவத்தை ஆட்டிக் காட்ட வேண்டும். அதற்கு மேலும் செக்யூரிட்டி அம்மாள் தடவிப் பார்ப்பாள். மூட்டை மூட்டையாகச் சரக்கு வந்து இறங்குகிற கடைக்கு, எங்கள் கொண்டைக்குள்தான் பயம் ஒளிந்திருந்தது. அந்தத் தடவலில்தான் துண்டு சிக்கியது.

மேனேஜரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தெற்கத்திப் பக்கத்துக்காரர். முதலாளிக்குத் தூரத்து உறவு என்று அவரே சொல்லிக்கொள்வார், முதலாளி சொல்லி நான் கேட்டதில்லை. நெற்றி நிறைய விபூதி, எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் வாய் நிறைய "தாயி". காலையில் ஷட்டர் ஏற்றுவதற்கு முன்னால் எல்லோரையும் நிற்கவைத்துச் சாமி கும்பிட்டுவிட்டு, "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று தவறாமல் சொல்வார். குடும்பம் என்ற சொல்லை யார் அழுத்திச் சொன்னாலும் எனக்கு இன்றைக்கும் குமட்டிக்கொண்டு வருகிறது என்றால், அது அந்த ஆளால் வந்த வியாதி.

அக்கா பட்டினப்பாக்கத்துக்காரி. புருஷன் நொச்சிக்குப்பத்தில் படகுக்குப் போகிறவர். முதலில் ஒரு பையன் இருந்தான். இரண்டாவது பெண்ணாக வேண்டும் என்று கடையில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு நாளெல்லாம் நின்று துண்டு மடித்துக் காட்டுவாள். ஒன்பதாம் மாதம் தொடங்கிய பிறகு ஒருநாள் குழந்தை அசையவில்லை என்று அரசு மருத்துவமனைக்கு ஓடினார்கள். வயிற்றிலேயே போய்விட்டது. ஆனால் பெற்றுத்தான் ஆகவேண்டும். வலி வரவழைத்து, மற்ற பெண்களைப் போலவே முக்கி, மற்ற பெண்களைப் போலவே பெற்றாள். பெண் குழந்தை. சீட்டில் "இறந்து பிறந்த பெண் குழந்தை" என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆண்கள் தூக்கிக்கொண்டு போய் அன்றைக்கே புதைத்துவிட்டு வந்தார்கள்.

விடுப்புக்காக அக்காவின் புருஷன் வந்து நின்றபோது நான் பிரசவ விடுப்பு என்றுதான் எழுதினேன். மேனேஜர் அதை அடித்தார். "பிள்ளை இருந்தாத்தான தாயி பிள்ளைப்பேறு லீவு? இல்லாத பிள்ளைக்கு ஆறு மாசம் வீட்ல உக்காந்து என்ன செய்யப் போறா? பாலா குடுக்கப் போறா?" என்றார். தீபாவளி வியாபாரம் தொடங்கியிருந்தது, அவருக்கு ஆள் வேண்டும். மிச்சமிருந்த சொந்த விடுப்பை எடுத்துக்கொள்ளட்டும், அதற்குமேல் வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதனால்தான் பச்சை உடம்போடு, இரண்டு வாரம்கூட முடியாமல், அக்கா திரும்பி வந்து துண்டு செக்‌ஷனில் நின்றாள். நின்ற இடத்தில் பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாக வலித்திருக்கிறது. யாரிடம் சொல்வாள்? கண்ணாடி துடைக்கிற கிழிசல்தான் கைக்கு எட்டியது.

துண்டு விவகாரத்துக்கு மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். இரவெல்லாம் யோசித்திருப்பார் போலிருக்கிறது, பாவம். கருச்சிதைவு என்று எழுதி ஆறு வாரம் கொடுத்துவிடலாம், கையெழுத்து வாங்கு என்றார். தானம் செய்கிற முகம் அவருக்கு. அக்காவை அங்கேயே கூப்பிட்டு, அவர் முன்னாலேயே விஷயத்தைச் சொன்னேன். பேனாவைக் கையில் வாங்கியவள் அப்படியே மேசைமேல் வைத்துவிட்டாள்.

"செதஞ்சி ஒண்ணும் போவல சார்," என்றாள். "முழுசா பொறந்தா. தலைல முடி கீது, கைல நகம் கீது. நா பாத்தேன். செதஞ்சி போச்சுன்னு எங்கையால எய்தித் தரச் சொல்றியா? எனக்குப் பொண்ணு பொறந்துச்சுன்னு எய்து, போடறேன்."

"எழுதினா மட்டும் உயிரு வந்துருமா?" என்று கேட்டார் மேனேஜர்.

இந்தக் கேள்வியை நான் மறக்கவே மாட்டேன். ஆறு வாரம் வீட்டில் படுத்திருக்கலாம் என்று எதிரே நீட்டியிருக்கிறார்கள். உடம்பு கெஞ்சுகிறது. ஆனாலும் அவள் கையெழுத்துப் போடவில்லை. இறங்கிப் போய், வாடிக்கையாளருக்குத் துண்டு விரித்துக் காட்ட ஆரம்பித்தாள். விடுப்புக்காக அவள் மல்லுக்கு நின்றாள் என்று கடையில் பேசிக்கொண்டார்கள். மண்ணாங்கட்டி. பெற்ற பெண்ணைப் பெண் என்று யாராவது ஒருத்தர் ஒப்புக்கொள்ள வேண்டும், அவளுக்கு வேண்டியிருந்தது அதுதான்.

அந்த வாரமே வேறு வேலையாக நான் தொழிலாளர் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. எங்கள் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக் கட்டுகிறோமே, அந்தக் காப்பீடு. அங்கே ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் பேனா மூடியால் காது குடைந்துகொண்டிருந்தார். மரியாதை என்றால் என்ன விலை என்று கேட்கிற ரகம். அவரிடம் அக்காவின் கதையைச் சொன்னேன். "எத்தன மாசம்?" என்றார். சொன்னேன். "அப்பறம் இன்னாத்துக்குக் கருச்சிதைவு? இத்தன வாரம் தாண்டிட்டா, உயிரோட பொறந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். பிரசவம் பிரசவம்தான். முழு லீவும் உண்டு, காசும் உண்டு. படிச்சவங்கதானே நீங்கள்லாம்? போம்மா, டாக்டர் சீட்டு எடுத்துக்கினு வரச் சொல்லு," என்று சொல்லிவிட்டு மறுபடியும் காதைக் குடைய ஆரம்பித்தார்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சட்டப் புத்தகத்தில் ஒரு நல்ல வரி இருக்கிறது, அது காது குடைகிறவரிடம் பத்திரமாக இருக்கிறது. அதைவிடக் கேவலம் என்னவென்றால், அந்தப் பணத்தைக் கொடுக்கப்போவது காப்பீடு. கடைக்கு ஒரு பைசா செலவில்லை, மேனேஜரின் சட்டைப்பைக்கு அரைப் பைசா நஷ்டமில்லை. தன் காசைக் காப்பாற்றக் கல்நெஞ்சாக இருக்கிறவனையாவது புரிந்துகொள்ளலாம். இவர் அடுத்தவர் காசுக்குக் காவலாக வாசலில் படுத்துக் கிடந்தார். அக்காவுக்கு முழு விடுப்பும் பணமும் கிடைத்த பிறகு, அதே மேனேஜர் காலைக் கும்பிடு முடிந்ததும், "நம்ம குடும்பத்துப் பொண்ணுக்கு ஒரு கஷ்டம்னா நாம விட்டுருவமா?" என்று மைக்கில் பேசினார். தூ!

பணம் வந்ததும் விஷயம் முடிந்தது என்று நான் நினைத்தேன். அக்கா போன் செய்தாள். "துட்டு வந்துச்சு. பேரு வர்லயே," என்றாள். வயிற்றில் இருக்கும்போதே பெயர் வைத்துவிட்டாளாம். அந்தப் பெயர் போட்டு ஒரு பிறப்புச் சான்று வேண்டும், மகனுடைய சான்றோடு சேர்த்துப் பெட்டியில் வைக்க வேண்டும் என்றாள். கூடப் போனேன். பிறப்பு இறப்புப் பதிவு செய்கிற இடத்தில் கண்ணாடி போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "மூச்சு விட்டுச்சா?" என்று கேட்டார்.

"இல்ல," என்றாள் அக்கா.

"அப்ப பொறப்புச் சான்று வராதும்மா. இறந்து பிறந்ததுக்குத் தனிப் பதிவு. ஆஸ்பத்திரியில இருந்தே வந்திருக்கும். ஆணா பொண்ணா, அப்பா பேரு, அம்மா பேரு, அவ்ளோதான். புள்ள பேருக்கு எடமே இல்ல அதுல." அக்காவின் முகம் போன போக்கைப் பார்த்து, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு அவரே மேலும் சொன்னார்: "ஒரே ஒரு மூச்சு விட்டிருந்தாகூடப் போதும், பொறப்பு ஒண்ணு, இறப்பு ஒண்ணு, ரெண்டு சர்டிபிகேட்டும் பேரோட குடுத்திருப்போம்." ஆடித் தள்ளுபடியில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று நாங்கள் கூவுவோமே, அதே குரல்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே சர்க்கார். அதன் ஒரு ஜன்னல், நீ பிள்ளை பெற்றவள்தான், இந்தா பணம் என்கிறது. இன்னொரு ஜன்னல், பிறக்காததற்குப் பெயர் எதற்கு என்கிறது. இரண்டு ஜன்னலும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. பேசினால் வெட்கம் வந்துவிடும். ஏன் சார் இப்படி என்று கேட்டால், ரூல் அப்படி என்பார்கள். ரூல் என்ன வானத்திலிருந்தா விழுந்தது? மூக்குக் கண்ணாடி போட்ட எவரோ ஒருவர் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கோடு போட்டார். பெயருக்கும் ஒரு கோடு போட அவருக்குக் கை வலித்திருக்கிறது. அக்கா சண்டை போடவில்லை. சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவள் வைத்த பெயர் எனக்குத் தெரியும். அதை நான் இங்கே எழுதுவது முறையில்லை.

விடுப்பு முடிந்ததும் அக்கா கடைக்குத் திரும்பவில்லை. மாமியாரோடு சேர்ந்து மீன் விற்க உட்கார்ந்துவிட்டாள். பிறகு இன்னொரு பையன் பிறந்தான். நானும் அந்தக் கடையை விட்டுவிட்டு அடையாறில் ஒரு ஆடிட்டரிடம் கணக்கு எழுதுகிறேன், ராஜா அண்ணாமலைபுரத்தில் குடியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க அக்கா வீட்டுக்கே போய்விடுவது வழக்கம். மேனேஜரைப் பற்றிப் பேச்சு வந்தால் அக்கா கோபப்படுவதுகூட இல்லை. "அவன் கெடக்கிறான்," என்று சொல்லிவிட்டுச் செதில் சுரண்டுவாள்.

போன மாதம் ஒரு ஞாயிறு, அக்கா வாசலில் உட்கார்ந்து எனக்காகச் சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தபோது, ஏதோ குடும்பக் கணக்கெடுப்பு என்று ஒரு பெண் போனும் கையுமாக வந்தாள். கழுத்தில் அட்டை தொங்கியது. வெயிலில் அலைந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. வீட்டுக்காரர் பெயர், வேலை, குடிநீர், கழிப்பறை எல்லாம் கேட்டுத் தட்டிக்கொண்டே வந்தவள், "எத்தன குழந்தைங்கக்கா?" என்றாள்.

"மூணு."

இரண்டு பையன்களின் பெயரும் வயதும் ஏறின. "மூணாவது?"

"நடுவுல பொண்ணு. பொறக்கும்போதே உயிரு இல்ல."

அந்தப் பெண் தட்டுவதை நிறுத்தினாள். "அய்யோ. ஆனா அதெல்லாம் வராதுக்கா. உயிரோட பொறந்தது மட்டும்தான் கேட்டிருக்காங்க. ரெண்டுன்னு போட்டுக்கறேன்."

"ரெண்டுன்னு போடாத."

"இல்லக்கா, மூணுன்னு போட்டா மூணு பேருக்கும் ஆதார் நம்பர் கேக்கும். மேல போகவே போகாது. ரெண்டுன்னு போட்டாதான் உங்க வீட்டுக் கணக்கு ஏறும். இல்லாட்டி எதனா உதவி வந்தாகூட உங்க பேரு இருக்காது, பாத்துக்கங்க."

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். கையைத் தண்ணீரில் அலசினாள். குரலை உயர்த்தவேயில்லை.

"நா பெத்தது மூணு. எண்ணுனா மூணையும் எண்ணு. முடியாதுன்னா எங்க யாரையும் எண்ணாத, போ."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அவளுக்கு இன்னும் எத்தனையோ வீடு பாக்கி இருந்தது. திரையில் மேலும் கீழும் தள்ளி ஏதோ ஒன்றைத் தேடியெடுத்து அழுத்திவிட்டுப் படியிறங்கினாள். அழுத்தியதை நான் எட்டிப் பார்த்துவிட்டேன். "வீடு பூட்டியுள்ளது" என்று இருந்தது. இரண்டு கதவையும் அகலத் திறந்து போட்டுக்கொண்டு, அக்கா அடுத்த மீனை எடுத்தாள்.