அக்காவுக்கு வந்த சர்க்கரை

முட்டைத் தட்டுக்குக் கீழே, தயிர்ப் பாத்திரத்தை ஒட்டி, நீல மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா. நெய்வேலி டவுன்ஷிப்பில், நான் வேலை பார்த்த பள்ளிக்குப் பின்னாலிருந்த பிளாக்கில், ஓர் அக்காவின் குவார்ட்டர்ஸ் ஃபிரிட்ஜில் அது இருந்தது. உள்ளே இருந்தவை என் ஊசிகள். கல்யாணமாகி வருடங்கள் போயும் குழந்தை இல்லாத எனக்கு, கருமுட்டை வளர்வதற்காக டாக்டர் எழுதிக் கொடுத்த ஹார்மோன் ஊசிகள். தினமும் சாயங்காலம் ஒரே நேரத்தில் வயிற்றில் நானே போட்டுக்கொள்ள வேண்டும்.

எங்கள் வாடகை வீடு மந்தாரக்குப்பத்தில். கூப்பிடு தூரத்தில் மின்சாரம் தயாராகிறது. எங்கள் தெருவிலோ கரண்ட் போவதும் வருவதும் அதன் இஷ்டம். அதைவிடப் பெரிய சிக்கல் என் மாமியார். கெட்டவர் இல்லை. ஆனால் ஃபிரிட்ஜைத் திறந்தால் கடைசித் தக்காளி வரை விசாரிக்காமல் மூடமாட்டார். யாரையோ பற்றிப் பேசும்போது, "ஊசி போட்டுக்கினா புள்ள வந்துருமா? சாமி குடுக்கணும்" என்று அவர் ஒருமுறை சொல்லிவிட்டார். மைன்ஸில் கான்ட்ராக்டில் இருந்த என் கணவருக்கு அதற்கப்புறம் என் ஊசியைப் பற்றித் தன் அம்மாவிடம் சொல்ல வாயே வரவில்லை.

அக்காவின் மகன் என்னிடம் படித்தவன். அந்தப் பழக்கத்தில்தான் டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டாரே தவிர, ஊசி என்றாலே அக்காவுக்கு உதறல். நான் போட்டுக்கொள்ளும்போது ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "ஆயிடுச்சாங்க டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். வலி எனக்கு, முனகல் அவருக்கு.

ஒரு நாள் தயிர் உறைக்கு வந்த பக்கத்து வீட்டம்மா டப்பாவைப் பார்த்து, இது என்ன என்று கேட்டுவிட்டார். நான் அங்கேதான் நின்றிருந்தேன். கண் மூடித் திறப்பதற்குள் அக்கா, "எனக்குத்தாங்க. சக்கரைக்கு ஊசி போட்டுக்கினு இருக்கேன்" என்றார்.

ஒரு பிளாக்கில் சொன்னது ஷிப்ட் முடிவதற்குள் அடுத்த பிளாக்குக்குப் போகிற ஊர் இது. வீடு தேடிப் பாகற்காய்ச் சாறு வந்தது, வெந்தயப்பொடி வந்தது. சர்க்கரை ஆலை உள்ள நெல்லிக்குப்பத்தில் பிறந்து வளர்ந்த அக்காவுக்கு இனிப்பென்றால் உயிர். கல்யாணப் பந்திகளில் அவர் இலையை மட்டும் தாண்டிக்கொண்டு ஜாங்கிரித் தட்டு நகர்ந்தது. தீபாவளிக்கு அவர் வீட்டுக்கு வந்த பலகாரமெல்லாம் காரம். எனக்குச் சிரிப்பும் வரும், கூச்சமும் வரும்.

முதல் தடவை ஊசிகள் பலிக்கவில்லை. அதைச் சொல்ல அவர் சமையலறைக்குப் போனபோது, இனி அக்கா நிம்மதியாக லட்டு சாப்பிடலாம் என்று விளையாட்டாகப் பேசத்தான் நினைத்திருந்தேன். அழுகைதான் வந்தது. அன்றுதான் அக்கா என்னை முதன்முதலாக 'நீ' என்றார்.

"இன்னொரு வாட்டி போடணுமா வேணாமான்னு நீதான் முடிவு பண்ணணும். உன் வயிறு, உன் வலி. நீ போதும்னு சொல்ற வரைக்கும் எனக்குச் சக்கரை இருந்துட்டுப் போவட்டும்."

யோசிக்கக் கொஞ்ச காலம் எடுத்துக்கொண்டேன். பிறகு மறுபடியும் போட்டுக்கொண்டேன். யாரும் சொல்லியல்ல, எனக்கு வேண்டியிருந்தது. மகள் பிறந்தாள்.

பெயர் வைத்த அன்று வீடு நிறையப் பெண்கள். பால்கோவாத் தட்டோடு வந்த மாமியார் அக்காவைக் கண்டதும் தட்டைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். "அவங்களுக்குச் சக்கரை. ஆசை காட்டாதீங்க" என்றார் மற்ற பெண்களிடம். அக்கா வழக்கம்போலத் தலையாட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன். "அக்காவுக்குச் சக்கரையே இல்லீங்க. அவங்க ஃபிரிட்ஜ்ல இருந்தது என் ஊசி. அதப் போட்டுக்கினுதான் இவ பொறந்தா."

மாமியார் என்னைப் பார்த்தார், பேத்தியைப் பார்த்தார். பிறகு அக்காவின் முன்னால் போய்த் தட்டை நீட்டினார். "எடுத்துக்கோங்க. ஒண்ணு போதாது."

கணவர் ரிடையர் ஆனதும் அக்கா குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நெல்லிக்குப்பம் போய்விட்டார். நீல மூடி டப்பா இப்போது எங்கள் ஃபிரிட்ஜில், அதே முட்டைத் தட்டுக்குக் கீழே இருக்கிறது. நாளைக்கு அக்கா பஸ்ஸில் வருகிறார். டப்பா நிறையப் பால்கோவா. கிண்டியது மாமியார், யாரையும் தொட விடமாட்டேன் என்கிறார்.